பழக்கமில்லாத மூலநிரலைப் படிப்பது எப்படி? ஃபங்ஷன் அழைப்புகளைப் படமாக்கும் வழி

பிறர் எழுதிய பெரிய நிரலை முதன்முதலாகத் திறக்கும்போது கண்ணில் படுவது கோப்புகளும் ஃபோல்டர்களும்தான். எழுதியவர்கள் எதை எங்கே வைத்தார்கள் என்பதை அவை சொல்லும். நிரல் ஓடும்போது எது எதைக் கூப்பிடுகிறது என்பதைச் சொல்லாது. ஒரு கோப்பின் முதல் வரியில் இருக்கும் ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும், பெயரிட்ட நிரல் துண்டு) கடைசியாக ஓடலாம், ஓடாமலே போகலாம். கோப்புகளை மேலிருந்து கீழாக வாசித்துத் தீர்க்கப் பார்ப்பவர்கள் பாதி வழியில் களைத்துப்போவது அதனால்தான்.

இன்னும் சிலர் தொடக்க ஃபங்ஷனைத் திறந்து, எடிட்டரில் பெயர்களைச் சொடுக்கிச் சொடுக்கி உள்ளே போவார்கள். ஐந்தாறு படி இறங்கியதும் எங்கிருந்து வந்தோம், எதைத் தேடி வந்தோம் என்பது மறந்திருக்கும். நமக்கு நினைவில் நிற்காத இந்தத் தடத்தைக் கணினி ஒவ்வொரு கணமும் சரியாக வைத்திருக்கிறது. அதை வெளியே எடுத்து, வேண்டாததை வெட்டி, ஒரு தாளில் அடங்கும் படமாக்குவது எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். சி, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் என எந்த மொழியானாலும் முறை ஒன்றுதான், கருவிதான் மாறும்.

அழைப்பு, ஸ்டாக், மரம், வரைபடம்

ஒரு ஃபங்ஷன் இன்னொன்றை அழைக்கும்போது, வேலை முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற குறிப்பு ஸ்டாக் எனப்படும் நினைவகப் பகுதியில் சேர்கிறது. அழைக்கப்பட்டது மூன்றாவது ஒன்றை அழைத்தால் அதன்மேல் இன்னொரு குறிப்பு ஏறும். வேலை முடிந்ததும் மேலே இருப்பது முதலில் நீங்கும். இந்தக் குறிப்பு ஒவ்வொன்றையும் ஃப்ரேம் என்பார்கள். எந்தக் கணத்தில் நிரலை நிறுத்தினாலும், அப்போது ஸ்டாக்கில் இருக்கும் ஃப்ரேம்களை வரிசையாக வாசித்தால் தொடக்கத்திலிருந்து அந்த இடம்வரை வந்த பாதை கிடைத்துவிடும்.

கட்டுரை முழுவதற்கும் சிறிய எடுத்துக்காட்டு ஒன்றை வைத்துக்கொள்வோம். எளிய குறிப்புக் கோப்பு ஒன்றை வாசித்து வலைப்பக்கமாக மாற்றும் நிரல். ஒரு தலைப்பும் ஒரு பத்தியும் உள்ள இரண்டு வரிக் கோப்பை அதற்குக் கொடுத்தால், அழைப்புகள் இப்படி நடக்கின்றன என்று கொள்ளுங்கள்:

தொடக்கம்
    கோப்பைப்_படி
    வரிகளாகப்_பிரி
    பக்கமாக்கு
        வரியை_மாற்று
            தலைப்புதானா
            தலைப்பாக்கு
                குறிகளை_மாற்று
        வரியை_மாற்று
            தலைப்புதானா
            பத்தியாக்கு
                குறிகளை_மாற்று
    கோப்பில்_எழுது

இது அழைப்பு மரம். உள்ளே தள்ளி எழுதியிருப்பது அதற்கு மேலே உள்ளது அழைத்தது. மேலிருந்து கீழே காலவரிசை. ஒரே ஃபங்ஷன் எத்தனை முறை அழைக்கப்பட்டதோ அத்தனை முறை வரும். மொத்தம் 13 வரிகள்.

இதையே ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒரே ஒரு பெட்டி என்று வைத்து, அழைப்பவரிடமிருந்து அழைக்கப்படுபவருக்கு அம்பு போட்டால் அழைப்பு வரைபடம் கிடைக்கும். 13 வரிகள் 10 பெட்டிகளாகச் சுருங்கும். 'குறிகளை_மாற்று' ஒரே பெட்டியாகி, அதற்குள் இரண்டு அம்புகள் வந்து சேரும். அமைப்பு தெளிவாகும், காலவரிசை போய்விடும். எது முதலில், எது பிறகு என்று வரைபடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. புதியவர்கள் பெட்டிகளின் இடவலத்தை ஓட்ட வரிசை என்று எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. வரிசை வேண்டுமென்றால் மரத்தைப் பாருங்கள். யார் யாரைச் சார்ந்திருக்கிறார் என்பது வேண்டுமென்றால் வரைபடத்தைப் பாருங்கள்.

இன்னொரு பிரிவும் உண்டு. நிரலை ஓட்டாமல் எழுத்தை மட்டும் வாசித்து வரையப்படுவது நிலைப் படம். ஓட்டிப் பார்த்துப் பதிவு செய்வது ஓட்டப் படம். முதலாவது நடக்கக்கூடிய எல்லாவற்றையும் காட்ட முயலும். இரண்டாவது இந்த முறை நடந்ததை மட்டும் காட்டும். இரண்டும் பழைய யோசனைகள்தான். நிரலின் எழுத்திலிருந்து அழைப்பு வரைபடத்தைக் கட்டுவது பற்றி பார்பரா ரைடர் 1979-இல் கட்டுரை எழுதினார். பெர்க்லி யூனிக்ஸில் பிறந்த ஜிபிராஃப் என்ற கருவி, நிரல் ஓடும்போதே யார் யாரை எத்தனை முறை அழைத்தார் என்று எண்ணியது. சூசன் கிரஹாம், பீட்டர் கெஸ்லர், மார்ஷல் மெக்குசிக் மூவரும் அதைப் பற்றி 1982-இல் எழுதினார்கள்.

புரிந்துகொள்வதற்கு எது நல்லது என்று கேட்டால், தயங்காமல் ஓட்டப் படம் என்பேன். நிலைப் படம் நடக்காத ஆயிரம் பாதைகளையும் சேர்த்துக் கொட்டும். ஓட்டப் படத்தில் இருப்பது ஒவ்வொன்றும் உண்மையில் நடந்தது.

படி 1: கேள்வியைச் சிறிதாக்குங்கள்

'இந்த நிரல் எப்படி வேலை செய்கிறது?' என்பதற்குப் படம் கிடையாது. 'சேமி பொத்தானை அழுத்தினால் கோப்பு வட்டில் எழுதப்படும்வரை என்ன நடக்கிறது?' என்பதற்கு உண்டு. ஒரு செயல், ஒரு தொடக்கம், ஒரு முடிவு. கேள்வியைத் தாளின் தலைப்பில் எழுதிவிடுங்கள். பிறகு வரும் ஒவ்வொரு ஃபங்ஷனையும் 'இது அந்தக் கேள்விக்கு வேண்டுமா?' என்று கேட்டுத்தான் உள்ளே விட வேண்டும். முழு நிரலையும் ஒரே படத்தில் அடக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அப்படி வரைந்து வருவது சுவரில் ஒட்டிவைக்கத்தான் உதவும்.

படி 2: ஓட்டிப் பார்க்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள்

நிரல் உங்கள் கணினியில் ஓட வேண்டும். மிகச் சிறிய உள்ளீட்டை ஆயத்தம் செய்துகொள்ளுங்கள். நம் எடுத்துக்காட்டில் இரண்டே வரி வைத்ததற்குக் காரணம் அதுதான். இருநூறு பக்கக் கோப்பைக் கொடுத்தால் அதே பாதை ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்பப் பதிவாகும், புதிதாக ஒன்றும் தெரியாது.

சி, சி++, ரஸ்ட் போன்ற, மூலநிரலை முன்கூட்டியே இயந்திர மொழிக்கு மாற்றும், அதாவது கம்பைல் செய்யும் மொழிகளில் ஒரு எச்சரிக்கை. வேகத்துக்காகக் கம்பைலர் சிறிய ஃபங்ஷன்களை அழைத்த இடத்திலேயே கரைத்துவிடும். இதை இன்லைன் செய்வது என்பார்கள். கரைந்த ஃபங்ஷனுக்குத் தனி ஃப்ரேம் இருக்காது. கடைசி வேலையாக இன்னொன்றை அழைக்கும் ஃபங்ஷனின் ஃப்ரேமை முன்கூட்டியே அகற்றிவிடுவதும் உண்டு. அப்போது பாதையின் நடுவில் ஒரு கண்ணி காணாமல் போகும். எனவே படிப்பதற்காகக் கட்டும்போது மேம்படுத்தலை அணைத்து, டீபக் தகவலை (ஓடும் நிரலை மூலநிரலின் வரிகளோடு பொருத்த உதவும் விவரத்தை) சேர்த்துக் கட்டுங்கள். ஜிசிசி, கிளாங் என்ற கம்பைலர்களில் மேம்படுத்தல் நிலையைப் பூஜ்யத்துக்கு இறக்கி, 'ஜி' என்ற தேர்வைச் சேர்த்தால் போதும். பல திட்டங்களின் பில்ட் கோப்புகளில் மேம்படுத்தல் ஏற்கெனவே நிலை இரண்டில் வைக்கப்பட்டிருக்கும். அதைத் தேடி மாற்ற வேண்டும்.

படி 3: கண்ணுக்குத் தெரியும் ஒன்றிலிருந்து ஒரு பாதையைப் பிடியுங்கள்

நடைமுறையில் அதிகப் பலன் தருவது இந்தப் படிதான். மற்ற எதையும் செய்ய நேரமில்லை என்றால் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

நிரல் வெளியே காட்டும் ஏதோ ஒன்றை எடுங்கள். திரையில் வரும் ஒரு சொற்றொடர், பிழைச் செய்தி, பொத்தானின் பெயர், எழுதப்படும் கோப்பின் பெயர் என எதுவும் ஆகலாம். அந்தச் சொற்றொடரை கிரெப் என்ற தேடல் கட்டளை கொண்டோ எடிட்டரின் தேடலிலோ மூலநிரல் முழுவதும் தேடுங்கள். மொழிபெயர்க்கப்பட்ட மென்பொருளானால் சொற்றொடர் தனிக் கோப்பில் ஒரு குறிச்சொல்லோடு இருக்கும். அந்தக் குறிச்சொல்லை இன்னொரு முறை தேட வேண்டும். இப்படித் தேடிப் போனால் அந்தச் செயல் முடியும் இடத்துக்குப் பக்கத்தில் போய் நிற்பீர்கள்.

அங்கே ஒரு பிரேக்பாயின்ட், அதாவது நிரல் ஓடிவந்து நிற்க வேண்டிய இடக்குறி, வையுங்கள். நிரலை ஓட்டி, அந்தச் செயலைச் செய்யுங்கள். நிரல் நின்றதும், அதை நிறுத்தி ஆராயும் கருவியான டீபக்கரிடம் ஸ்டாக்கைக் கேளுங்கள். ஜிடிபி என்ற டீபக்கரில் 'பேக்டிரேஸ்', சுருக்கமாக 'பிடி' என்று தட்டினால் வந்துவிடும். பெரிய எடிட்டர்களில் கால் ஸ்டாக் என்ற பலகம் தானாகவே நிரம்பும். இரண்டு வரிக் கோப்பை வைத்து 'பத்தியாக்கு' ஃபங்ஷனில் நிறுத்தினால் ஜிடிபி பாணியில் இப்படி வரும்:

0  பத்தியாக்கு
1  வரியை_மாற்று
2  பக்கமாக்கு
3  தொடக்கம்

கீழிருந்து மேலாக வாசித்தால் வந்த பாதை. ஜிடிபி, ஜாவா, உலாவி எல்லாம் தற்போது நிற்கும் இடத்தை மேலே காட்டும். பைத்தான் அச்சிடும் ஸ்டாக் பட்டியலான டிரேஸ்பேக் அதைக் கடைசியில் காட்டும். இரண்டையும் மாறிமாறிப் பார்ப்பவர்களுக்கு இது குழப்பும், திசையை முதலில் உறுதி செய்துகொண்டு வாசியுங்கள்.

டீபக்கர் பொருத்த முடியாத இடங்களும் உண்டு. அங்கே நிரலுக்குள் ஒரு வரி சேர்த்தால் ஸ்டாக்கை அச்சிடலாம். ஜாவாஸ்கிரிப்டில் கன்சோல் டிரேஸ், பைத்தானில் டிரேஸ்பேக் மாட்யூலின் பிரின்ட் ஸ்டாக், ஜாவாவில் த்ரெட் வகுப்பின் டம்ப் ஸ்டாக் ஆகியவை அதற்கானவை.

உண்மையான நிரலில் பாதை நான்கு வரியோடு முடியாது. நாற்பது ஃப்ரேம் வரலாம். பயப்பட வேண்டாம், அதில் பெரும்பகுதி ஃபிரேம்வொர்க்கினுடையது, அதாவது நிரல் சார்ந்து நிற்கும் ஆயத்த அடித்தளத்தினுடையது. கோப்புப் பாதையைப் பார்த்து, உங்கள் திட்டத்தின் ஃபோல்டருக்குள் இருப்பவற்றை மட்டும் குறித்தால் பெரும்பாலும் ஏழெட்டுதான் மிஞ்சும். அந்த ஏழெட்டுப் பெயர்களைத் தாளில் செங்குத்தாக எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் கோப்பின் பெயரைக் குறித்துவிடுங்கள். இதுதான் படத்தின் முதுகெலும்பு.

படி 4: எடிட்டரைக் கொண்டு அக்கம்பக்கம் பாருங்கள்

முதுகெலும்பிலுள்ள ஃபங்ஷன் ஒவ்வொன்றையும் வேறு யார் அழைக்கிறார்கள், அது வேறு யாரை அழைக்கிறது என்று பார்ப்பது அடுத்தது. இதற்கு எடிட்டரில் கால் ஹயரார்க்கி என்ற வசதி இருக்கிறது. விஷுவல் ஸ்டுடியோ கோடில் ஷிஃப்ட், ஆல்ட், ஹெச் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். இன்டெல்லிஜே, எக்லிப்ஸ் இரண்டிலும் கன்ட்ரோல், ஆல்ட், ஹெச். உள்வரும் அழைப்புகள், வெளிச்செல்லும் அழைப்புகள் இரண்டையும் மரமாக விரித்துப் பார்க்கலாம்.

உள்வரும் பட்டியல்தான் எனக்கு அதிகம் உதவுவது. ஒரு ஃபங்ஷனைத் திருத்தினால் எதெல்லாம் பாதிக்கப்படும் என்பதற்கு அது உடனடிப் பதில். இது நிலைப் படம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். பட்டியலில் இல்லாத ஒருவர் ஓட்டத்தில் வந்து அழைக்கலாம். அது எப்படி என்பதைப் பிறகு பார்ப்போம்.

டெர்மினலை விரும்புபவர்களுக்கு, சி மொழிக்கு குனூ சிஃப்ளோ இருக்கிறது. கோப்புகளைக் கொடுத்தால் தொடக்க ஃபங்ஷனிலிருந்து அழைப்பு மரத்தை உள்தள்ளி அச்சிடும், தலைகீழாகவும் காட்டும். சிஸ்கோப்பும் பழைய, நம்பகமான கருவி. 'இதை அழைப்பவர்கள்', 'இது அழைப்பவை' என்று நேரடியாகக் கேட்கலாம்.

படி 5: ஒரு செயலை முழுமையாகப் பதிவு செய்யுங்கள்

பிரேக்பாயின்ட் தந்தது ஒரு கணத்தின் பாதை. செயல் முழுவதும் என்ன நடந்தது என்ற மரம் வேண்டுமென்றால் ஒவ்வொரு நுழைவையும் வெளியேற்றத்தையும் பதிவு செய்ய வேண்டும்.

பைத்தானில் இதைச் சொந்தமாகவே எழுதிவிடலாம், எழுதிப் பார்ப்பது நல்லதும்கூட. சிஸ் மாட்யூலில் செட்புரொஃபைல் என்ற ஃபங்ஷன் உண்டு. அதனிடம் நீங்கள் எழுதிய ஒரு ஃபங்ஷனைக் கொடுத்துவிட்டால், நிரலில் ஒவ்வொரு அழைப்பும் நிகழும்போதும் முடியும்போதும் பைத்தான் அதைக் கூப்பிடும். அதற்கு மூன்று மதிப்புகள் வரும்: ஃப்ரேம், நிகழ்வின் பெயர், கூடுதல் மதிப்பு. நிகழ்வு 'கால்' என்றால் ஆழத்தை ஒன்று கூட்டி, அந்த ஆழத்துக்கு இடைவெளி விட்டு ஃப்ரேமின் கோட் பொருளிலிருந்து ஃபங்ஷனின் பெயரை அச்சிடுங்கள். 'ரிட்டர்ன்' என்றால் ஆழத்தை ஒன்று குறையுங்கள். அவ்வளவுதான், பத்துப் பன்னிரண்டு வரியில் முடியும்.

ஒரு வடிகட்டி கட்டாயம் வேண்டும். கோட் பொருளில் கோப்பின் பெயரும் இருக்கும். அது உங்கள் திட்டத்தின் ஃபோல்டரில் தொடங்கினால் மட்டும் அச்சிடுங்கள். ஆழத்தைக் கூட்டுவதையும் குறைப்பதையும் அதே நிபந்தனைக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் உள்தள்ளல் கோணலாகும். எக்ஸெப்ஷன் (ஓட்டத்தை முறிக்கும் பிழை) எழும்பி ஃபங்ஷன் பாதியில் முறிந்தாலும் 'ரிட்டர்ன்' நிகழ்வு வந்துவிடும் என்பதால் ஆழக் கணக்கு பிசகாது. ஜெனரேட்டர்கள் (மதிப்புகளை ஒவ்வொன்றாகத் தந்து, இடையில் நின்று தொடரும் ஃபங்ஷன்கள்) ஒவ்வொரு மதிப்பைத் தரும்போதும் வெளியேறியதாகவும், மீண்டும் தொடரும்போது புதிதாக நுழைந்ததாகவும் பதிவாகும். ஒரே ஃபங்ஷன் காரணமில்லாமல் திரும்பத் திரும்ப வருவதாகத் தோன்றினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். மேலும், செட்புரொஃபைல் அதை அழைத்த த்ரெட்டை (நிரலுக்குள் தனியாக ஓடும் இழையை) மட்டும் கவனிக்கும். மற்ற த்ரெட்டுகளுக்கு த்ரெடிங் மாட்யூலில் அதே பெயரில் தனியாக ஒன்று இருக்கிறது.

கையால் எழுத விருப்பமில்லாதவர்கள் விஸ்டிரேசர் என்ற கருவியை நிறுவிக்கொள்ளலாம். காலக்கோட்டில் விரிந்த படத்தை உலாவியில் காட்டும்.

லினக்ஸில் சி, சி++ நிரல்களுக்கு யூஎஃப்டிரேஸ் என்பது என் முதல் தேர்வு. கம்பைல் செய்யும்போது 'பிஜி' என்ற தேர்வைச் சேர்த்துக் கட்டி, அதன் ரெக்கார்ட் கட்டளையால் ஓட்டி, ரீப்ளே கட்டளையால் பார்த்தால் அழைப்பு மரம் நேரக் கணக்கோடு வரும். ஆழத்துக்கு வரம்பு வைக்கலாம், ஒரு குறிப்பிட்ட ஃபங்ஷனுக்குக் கீழே உள்ளதை மட்டும் கேட்கலாம். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு உள்ளே பார்க்க வேண்டியவர்களுக்கு எஃப்டிரேஸ் கெர்னலிலேயே இருக்கிறது, ஸ்டீவன் ரோஸ்டெட் எழுதி 2008-இல் சேர்ந்தது. வால்கிரைண்ட் கருவித்தொகுப்பிலுள்ள கால்கிரைண்ட் கொண்டு பதிவு செய்து, அதைக் கேகேஷ்கிரைண்ட் என்ற பார்வைக் கருவியில் திறந்தால் அழகான அழைப்பு வரைபடம் கிடைக்கும். ஆனால் நிரல் பல மடங்கு மெதுவாக ஓடும், திரைகள் உள்ள மென்பொருளில் பொறுமை போய்விடும்.

படி 6: வெட்டுங்கள்

பதிவு கையில் வந்ததும் நேராகப் படமாக்கப் பார்ப்பார்கள். கருவி பெட்டிகளையும் அம்புகளையும் அள்ளிக் கொட்டும், சிக்கு விழுந்த நூல்கண்டு மாதிரி ஒன்று திரையில் வந்து நிற்கும். கருவி நன்றாக இல்லை என்று அடுத்த கருவியைத் தேடுவார்கள். குறை கருவியில் இல்லை, வெட்டாமல் கொடுத்ததில் இருக்கிறது.

எதை வெட்டலாம்? முதலில் லைப்ரரி அழைப்புகள், இது எளிது. அடுத்தது எங்கும் நிறைந்திருக்கும் சில்லறை ஃபங்ஷன்கள்: லாக் எழுதுவது, சரத்தின் ஓரங்களைக் கத்தரிப்பது, அமைப்பு மதிப்பை எடுப்பது. இவற்றைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒரு பெட்டிக்குள் எத்தனை அம்புகள் வருகின்றன, அதிலிருந்து எத்தனை வெளியேறுகின்றன என்று எண்ணுங்கள். நிறைய உள்ளே வந்து எதுவும் வெளியே போகாதவை பெரும்பாலும் சில்லறை. நம் எடுத்துக்காட்டில் 'குறிகளை_மாற்று' அப்படிப்பட்டது. கேள்வி அதைப் பற்றியதாக இல்லாவிட்டால் தூக்கிவிடலாம். மாறாக, கொஞ்சமாக உள்ளே வந்து நிறைய வெளியே போகும் பெட்டிகள் வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பவை. 'வரியை_மாற்று' அந்த வகை. நிரலின் கதை அங்கேதான் இருக்கிறது. மூலநிரலை வரிவரியாக வாசிக்க வேண்டியது இந்த ஃபங்ஷன்களை மட்டும்தான்.

வளையத்துக்குள் நடக்கும் அழைப்புகளை ஒன்றாக மடித்து, பக்கத்தில் எத்தனை முறை என்று எழுதுங்கள். மடிப்பதற்கு முன் ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். ஆயிரம் முறை ஒரே மாதிரி நடந்து, ஓரிடத்தில் மட்டும் வேறு ஃபங்ஷன் வந்தால் அந்த ஓரிடம் முக்கியமானது, அதைத் தனியே வரைய வேண்டும். தன்னைத்தானே அழைக்கும் ஃபங்ஷனை ஒரு பெட்டியாகப் போட்டு, அதிலிருந்து அதற்கே வளைந்து வரும் அம்பு போட்டால் போதும்.

எத்தனை பெட்டிவரை வைக்கலாம்? ஒரு தாளில் கண்ணை நகர்த்தாமல் பார்க்கும் அளவு. பத்திலிருந்து இருபதுக்குள் என்பது என் கணக்கு. அதைத் தாண்டினால் கேள்வியை இரண்டாகப் பிரித்து இரண்டு படம் போடுவேன்.

படி 7: வரையுங்கள்

கையால் வரைவதை மட்டமாக நினைக்க வேண்டாம். பென்சிலால் வரைந்தது நினைவில் தங்கும், கருவி வரைந்தது கோப்பில் தங்கும். பிறரோடு பகிர வேண்டும் அல்லது அடிக்கடி திருத்த வேண்டும் என்றால் எழுத்திலிருந்து படம் வரையும் கருவிகள் வசதி.

கிராஃப்விஸ் அவற்றில் மூத்தது, ஏடி அண்ட் டி ஆய்வகத்தில் பிறந்தது. அதன் டாட் மொழியில் ஒவ்வொரு அம்புக்கும் ஒரு வரி:

தொடக்கம் -> பக்கமாக்கு;
பக்கமாக்கு -> வரியை_மாற்று;
வரியை_மாற்று -> தலைப்புதானா;
வரியை_மாற்று -> தலைப்பாக்கு;
வரியை_மாற்று -> பத்தியாக்கு;

இந்த வரிகளை நெளிவு அடைப்புக்குள் வைத்து, முன்னால் 'டைகிராஃப்' என்ற சொல்லைச் சேர்த்தால் கோப்பு தயார். பெட்டிகளை எங்கே வைப்பது என்ற தொல்லை நமக்கில்லை, டாட் கட்டளை பார்த்துக்கொள்ளும். படி 5-இல் எழுதிய பதிவு ஃபங்ஷனைச் சற்றே மாற்றி, இடைவெளி விட்டு அச்சிடுவதற்குப் பதில் 'அழைத்தவர் -> அழைக்கப்பட்டவர்' என்று அச்சிட வைத்தால் டாட் கோப்பு தானாகவே உருவாகிவிடும். ஒரே அம்பு பலமுறை வந்தால் 'டைகிராஃப்' முன்னால் 'ஸ்ட்ரிக்ட்' என்று சேருங்கள், திரும்ப வருபவை ஒன்றாகும். ஒரே கோப்பிலுள்ள ஃபங்ஷன்களை ஒரு கட்டத்துக்குள் அடைக்க, 'கிளஸ்டர்' என்று தொடங்கும் பெயருள்ள உட்படமாக எழுதலாம். கோப்பின் எல்லையைத் தாண்டும் அம்புகள் அப்போது பளிச்சென்று தெரியும். எந்தக் கோப்பு எதைச் சார்ந்திருக்கிறது என்று பார்க்க இதைவிட எளிய வழி இல்லை.

திட்டத்தின் அறிமுகமான ரீட்மீ கோப்பில் படம் வேண்டுமென்றால், எழுத்திலிருந்து படம் வரையும் மெர்மெய்ட் என்ற கருவி போதும். மூலநிரலைப் பகிரும் தளமான கிட்ஹப் 2022 பிப்ரவரியிலிருந்து அதை நேரடியாகப் படமாக்கிக் காட்டுகிறது. மெர்மெய்டில் சீக்வன்ஸ் படமும் வரையலாம். சில பாகங்கள் மாறிமாறிப் பேசிக்கொள்ளும் செயல் என்றால், வரிசை முக்கியமென்றால், பெட்டி அம்புப் படத்தைவிட அதுவே தெளிவு.

சி++ போன்ற மொழிகளில் முழுத் திட்டத்துக்கும் தானாகப் படம் வேண்டுவோர், மூலநிரலிலிருந்து ஆவணம் உருவாக்கும் டாக்ஸிஜெனை நாடுவார்கள். அழைப்பு வரைபடம் அதில் இயல்பாக அணைந்திருக்கும். அமைப்புக் கோப்பில் 'ஹேவ்_டாட்', 'கால்_கிராஃப்', 'காலர்_கிராஃப்' மூன்றையும் ஆம் என்று மாற்ற வேண்டும். மூலநிரலில் விளக்கக் குறிப்புகளே இல்லையென்றால் 'எக்ஸ்ட்ராக்ட்_ஆல்' என்பதையும். ஒரு படத்தில் இயல்பாக 50 பெட்டிகள்வரைதான் அனுமதிக்கும். அந்த வரம்பை ஏற்றத் தோன்றும்போது, படி 6-ஐ நினைத்துக்கொண்டு இறக்குங்கள்.

ஃப்ளேம் கிராஃபை எப்போது எடுப்பது?

பிரெண்டன் கிரெக் 2011-இல் உருவாக்கிய இந்தப் படம் இப்போது எங்கும் காணப்படுகிறது. அடுக்கடுக்காகப் பட்டைகள் இருக்கும். கீழே உள்ள பட்டை மேலே உள்ளதை அழைத்தது. சில கருவிகள் தலைகீழாகவும் வரையும். பட்டையின் அகலம், நிரல் ஓடும்போது இடையிடையே எடுத்த ஸ்டாக் மாதிரிகளில் எத்தனையில் அந்த ஃபங்ஷன் ஸ்டாக்கில் இருந்தது என்பது. இடமிருந்து வலம் காலம் ஓடுவதில்லை, பட்டைகள் அகரவரிசையில் அடுக்கப்படுகின்றன. இதைத் தெரியாமல் 'முதலில் இது, பிறகு அது' என்று வாசிப்பவர்கள் ஏராளம். உலாவியின் பெர்ஃபார்மன்ஸ் பலகத்தில் வரும் படம் பார்க்க இதேபோல் இருந்தாலும் அதில் கிடைக்கோடு காலம்தான்.

நேரம் எங்கே போகிறது என்று அறிய ஃப்ளேம் கிராஃப் அருமை. நிரலின் பாதையை அறிய அரைகுறை. இடையிடையே மாதிரி எடுத்து வரைவதால், சட்டென்று முடிந்துவிடும் ஃபங்ஷன் படத்தில் வராமலே போகும். முடிவெடுக்கும் ஃபங்ஷன்கள் பெரும்பாலும் சட்டென்று முடிபவைதானே.

படம் பொய் சொல்லும் இடங்கள்

'எதை அழைப்பது' என்பது ஓடும்போது தீர்மானிக்கப்பட்டால், எழுத்தை வாசிக்கும் கருவியால் அதை உறுதியாகச் சொல்ல முடியாது. சி-யில் ஃபங்ஷன் பாயின்டர் (ஒரு ஃபங்ஷனின் முகவரியை வைத்திருக்கும் மாறி), ஜாவாவிலும் சி++-லும் தாய் வகுப்பு வழியாக நடக்கும் அழைப்பு, பைத்தானில் பெயரைச் சரமாகக் கொடுத்து எடுத்து ஓட்டுவது எல்லாம் இந்த ரகம். எல்லா நிரல்களுக்கும் பிசகாத அழைப்பு வரைபடத்தை ஓட்டாமலே தரும் கருவியை யாராலும் எழுத முடியாது. நிரல்களின் நடத்தை பற்றி ரைஸ் என்ற கணிதவியலாளர் 1953-இல் நிறுவிய தேற்றம் அந்தக் கதவை அடைத்துவிட்டது. அதனால் சில கருவிகள் சந்தேகமுள்ள அம்புகளையெல்லாம் போட்டுவிடும், சில விட்டுவிடும். உங்கள் கருவி எந்த ரகம் என்று தெரிந்துகொள்ளச் சிறிய சோதனை நிரல் ஒன்றில் ஃபங்ஷன் பாயின்டர் வைத்துப் பாருங்கள்.

ஓட்டப் படத்திலும் ஓட்டை உண்டு. ஒரு பொத்தானுக்கு 'அழுத்தினால் இதைக் கூப்பிடு' என்று எங்கோ பதிவு செய்திருப்பார்கள். அழுத்தியபின் ஸ்டாக்கைப் பார்த்தால் நிகழ்வு வளையம்தான் (நிகழ்வுகளுக்காகக் காத்திருந்து உரிய ஃபங்ஷனைக் கூப்பிடும் பகுதி) அதை அழைத்ததாகத் தெரியும், பதிவு செய்தவரின் பெயரே இருக்காது. இப்படிப்பட்ட இடத்தில் இரண்டு படங்களைச் சேர்த்துப் போடுவேன். நடந்த அழைப்புக்கு முழுக்கோடு, பதிவு செய்த உறவுக்குப் புள்ளிக்கோடு. அசிங்க் என்று, அதாவது ஒன்றுக்குக் காத்திருக்கும்போது வேறு வேலை நடக்கும்படி எழுதப்பட்ட நிரல்களிலும் இதே கதை: காத்திருந்து தொடரும்போது பழைய ஸ்டாக் இருப்பதில்லை. உலாவிகளின் டீபக்கர்கள் அறுந்த முனைகளை ஒட்டிக் காட்ட முயல்கின்றன, 'அசிங்க்' என்ற குறிப்போடு வரும் ஃப்ரேம்கள் அவைதான். வேலை வரிசையில் போட்டு வேறு த்ரெட் எடுப்பது, வலை வழியாக வேறு சர்வரைக் கேட்பது ஆகியவற்றுக்கும் புள்ளிக்கோடே.

படம் சரியா என்று சோதிப்பது

வரைந்ததைப் பார்த்து ஒரு கணிப்பு செய்யுங்கள். 'பத்தி இல்லாத கோப்பைக் கொடுத்தால் பத்தியாக்கு ஓடவே ஓடாது.' அங்கே பிரேக்பாயின்ட் வைத்து ஓட்டுங்கள். நின்றுவிட்டால் படத்தில் ஏதோ விடுபட்டிருக்கிறது. படத்தின் மூலையில் எந்தக் கமிட்டிலிருந்து (மூலநிரலின் எந்தப் பதிவான நிலையிலிருந்து) வரைந்தது என்று குறித்துவையுங்கள், மூலநிரல் மாறிக்கொண்டே இருக்கும்.

பிழை தேடும்போது இன்னும் ஒரு படி போகலாம். சரியாக ஓடும் உள்ளீட்டுக்கு ஒரு பதிவு, தவறாக ஓடும் உள்ளீட்டுக்கு இன்னொரு பதிவு. இரண்டு உள்ளீடும் முடிந்தவரை ஒன்றுபோல இருக்கட்டும். பதிவுகளிலிருந்து நேரத்தையும் நினைவக முகவரிகளையும் நீக்கிவிட்டு, கோப்புகளின் வேறுபாட்டைக் காட்டும் டிஃப் கட்டளையால் ஒப்பிடுங்கள். நம் நிரல், தலைப்புக் குறியில் தொடங்கும் சாதாரணப் பத்தியைத் தவறுதலாகத் தலைப்பாக மாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். டிஃப் இப்படிக் காட்டும்:

              வரியை_மாற்று
                  தலைப்புதானா
-                 பத்தியாக்கு
+                 தலைப்பாக்கு

பாதைகள் பிரிந்தது 'தலைப்புதானா' திரும்பிய உடனே. அந்த ஃபங்ஷனைத் திறந்து, எந்த நிபந்தனையில் ஆம் என்று சொல்கிறது என்று பாருங்கள். மற்ற ஒன்பதையும் இப்போதைக்குத் திறக்க வேண்டியதில்லை.